பக்கவாதமும் பரிகாரமும்

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசிய பேச்சு)



இன்றைய கூட்டத்திற்கு என்னைக் கூப்பிட்ட தோழர்கள், "கடவுளைப் பற்றிப் பேசுகிறீர்களா, ஜாதியைப் பற்றிப் பேசுகிறீர்களா?" என்று கேட்டார்கள். "பக்கவாதத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர்கள் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதற்கு டாக்டரையல்லவா கூப்பிட வேண்டும்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நான் டாக்டருமல்ல, பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பகத்தில் படித்ததும், தெரிந்தவர்களைக் கேட்டதும், என் வீட்டில் பட்டதும்தான். ஆனாலும் இவ்விஷயத்தை நமது மேடையில் பேசவேண்டிய அவசியம் இருக்கின்றது என்பது எனது அபிப்பிராயம். ஏனெனில், ஒரு வீட்டில் ஒருவருக்குக் கைகால் விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறவன் ஜோசியன். அவனுக்குப் பின்னால் மந்திரவாதி. அவனுக்குப் பின்னால் நாட்டு மருந்து விற்கிறவன். விழுந்த கையை எப்படிப் பழக்குவது என்று சொல்லித்தருகிறவர் கடைசியில் வருகிறார். அநேக வீடுகளில் அவர் வருவதேயில்லை. இந்த வரிசையைத் தலைகீழாய் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கின்றேன்.

வியாதி எங்கே இருக்கிறது?

தோழர்களே! பக்கவாதம் கையிலும் காலிலும் தெரிகின்றதே தவிர, வியாதி இருப்பது மூளையில். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொள்ளும், அல்லது வெடித்துவிடும். அந்தக் குழாயை நம்பியிருந்த மூளையின் பாகம் ரத்தமில்லாமல் பட்டினி கிடந்து சாகும். மூளையின் இடது பாகம் உடம்பின் வலது பக்கத்தை நடத்துகின்றது. வலது பாகம் இடது பக்கத்தை நடத்துகின்றது. ஆகையால் மூளையில் இடது பக்கம் கெட்டால் வலது கையும் வலது காலும் விழுந்துபோகின்றன. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது பாகத்திலேயே இருப்பதால் சிலருக்கு வாய்ப்பேச்சும் போய்விடுகின்றது. இதற்குக் காரணங்கள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, இருதயக் கோளாறு, புகையிலை, சாராயம் ஆகிய இவைகள். இவைகளில் எது நவக்கிரகத்தைச் சேர்ந்தது என்று கேட்கின்றேன்.

நமது ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "காற்று அடித்துவிட்டது" என்கிறார்கள், "முனி அறைந்துவிட்டது" என்கிறார்கள், "செய்வினை" என்கிறார்கள், "ஏழரைச் சனி" என்கிறார்கள். சனி என்றதும் நமது ஆட்சிப் பகுதியிலேயே இருக்கிற திருநள்ளாறு ஞாபகத்துக்கு வருகின்றது. காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊருக்குப் புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தொங்குகிற கையோடும் இழுக்கிற காலோடும் கிழவரை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முக்கி எடுத்து வருகிறார்கள். அதே கிழவரைக் கோரிமேட்டுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள் என்றால், "அவ்வளவு தூரம் எப்படி அய்யா அழைத்துப் போவது?" என்கிறார்கள்.

இந்த ஊரில் 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதன் வழிவந்ததுதான் 1964 முதல் ஜிப்மர் என்று பெயர் பெற்றிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. இருநூறு வருஷமாய் வைத்தியம் சொல்லிக்கொடுக்கிற ஊரில், இன்றைக்கும் விழுந்த கைக்குப் புறாவை அறுத்துச் சூட்டோடு ரத்தம் பூசுகிறவர்கள் இருக்கிறார்களென்றால், இது புறாவின் தலைவிதியா, நம்முடைய அறிவின் தலைவிதியா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. வாய் கோணினாலும், ஒரு கை தொங்கினாலும், பேச்சுக் குழறினாலும் அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிட்டு, தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அடைப்பு என்று தெரிந்தால் அதைக் கரைக்கும் ஊசியை, தகுந்தவர்களுக்கு, 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வெடிப்பு என்றால் அந்த ஊசி கூடாது, அதனால்தான் ஸ்கேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதிலும், மந்திரித்த விபூதி வாங்கி வருவதிலும் 3 மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, மிச்சத்தை டாக்டர் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

என் வீட்டுச் சங்கதி

நிற்க, ஊரார் கதையை மாத்திரம் பேசிவிட்டு என் கதையை மறைப்பது யோக்கியமாகாது. 2021-ல் என் தகப்பனாருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டினவர். ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தார். பத்தாவது நாள் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "தினமும் பயிற்சி செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். எந்தப் பயிற்சி, எத்தனை தரம், யார் பிடித்துச் செய்வது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் வாயில் வந்ததெல்லாம் "வா, வா" என்ற ஒரே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் "வா", வலித்தாலும் "வா", கோபம் வந்தாலும் "வா". உறவினர்கள் கூடி, எமனைக் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு மனிதர் பாரிசுக்குப் பக்கத்தில் பிசேத்ர் என்ற ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் வாயில் வந்த ஒரே சொல் "தான்" என்பது. 1861-ல் அவர் இறந்தபின் போல் புரோக்கா என்ற வைத்தியர் அவருடைய மூளையை எடுத்துப் பார்த்து, இடது பக்கத்தில் முன்பாகம் கெட்டிருப்பதைக் கண்டார். பேச்சு மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிய அது வழி செய்தது. பிரெஞ்சுக்கார வைத்தியருக்கு ஒரு சொல் மனிதர் கிடைத்தார், மூளையைப் பார்த்தார். எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார். நாங்கள் எமனைப் பார்த்தோம்.

புறாவோடு வந்த உறவினரை நான் வாசலிலேயே தடுத்தேன். தாயத்தை அறுத்தெறிந்தேன். என் பகுத்தறிவு அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்தது என்ன? ஒன்றுமில்லை. "வயதாகிவிட்டது, இனி இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்விட்டேன். மேடையில் தலைவிதியைத் திட்டினேன். வீட்டில் தலைவிதியை ஒப்புக்கொண்டேன். தலைவிதி என்ற பெயரை எடுத்துவிட்டு "இனி இவ்வளவுதான்" என்று வேறு பெயர் வைத்தால் அது பகுத்தறிவாகிவிடுமா? ஆறு வாரம் இப்படிப் போயிற்று. பக்கவாதம் வந்து முதல் 3 மாதத்தில்தான் உடம்பு வேகமாய்த் தேறும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதில் பாதியை நான் தின்றுவிட்டேன்.

கை எப்படித் திரும்பி வருகின்றது?

எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், பிசியோதெரபி என்கிற பயிற்சி வைத்தியம் படித்துவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் மூலம் எங்கள் நிலைமையைக் கேள்விப்பட்டு, செல்போனில் என்னைக் கூப்பிட்டு, "பெரியப்பா எத்தனை தரம் கையைத் தூக்குகிறார்?" என்று கேட்டார். "தூக்க முடியவில்லை அம்மா" என்றேன். "தூக்க முடியவில்லையா, தூக்கச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்லுகிறேன். செத்துப்போன மூளைப் பாகம் பிழைக்காது. ஆனால் பக்கத்தில் உயிரோடிருக்கும் பாகங்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக்கூடும். எப்படிக் கற்றுக்கொள்ளும்? குழந்தை நடக்கக் கற்றுக்கொள்ளுகிறபடி: விழுந்து, எழுந்து, ஒரே காரியத்தை நூறு தரம் செய்துதான். படுத்துக் கிடக்கிறவர் கையில் ஒருவர் எண்ணெய் தடவிவிட்டால் இதமாயிருக்கலாம். ஆனால் அதில் பயிற்சி கிடைப்பது தடவுகிறவர் கைக்குத்தான்.

இதற்கு இரண்டு அத்தாட்சி சொல்லுகிறேன். அமெரிக்காவில் எட்வர்டு டாப் என்பவர், நல்ல கைக்கு உறை மாட்டி உபயோகிக்க விடாமல் செய்து, விழுந்த கையாலேயே வேலை செய்ய வைத்தார். நல்ல கை எல்லா வேலையையும் பிடுங்கிச் செய்கிற வரையில், விழுந்த கை சோம்பிக்கிடந்து மேலும் கெடுகின்றது என்பது அவருடைய வாதம். இந்த முறையை 222 பேரிடம் பரீட்சை செய்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கு நல்ல பலன் கண்டது. இரண்டாவது, நமது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன வி.எஸ். ராமச்சந்திரன் சங்கதி. கை வெட்டப்பட்டவர்களுக்கு, இல்லாத கையில் வருகிற வலியைத் தணிக்க அவர் ஒரு கண்ணாடியை வைத்தார். அந்தக் கண்ணாடியையே பக்கவாதக்காரர்களுக்கும் வைத்துப் பார்த்து 1999-ல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். நல்ல கையைக் கண்ணாடியின் முன்னால் வைத்து அசைத்தால், விழுந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். மூளை அதைப் பார்த்துப் பழகும். பின்னால் நடந்த பல பரீட்சைகளும் மற்றப் பயிற்சிகளோடு இதைச் சேர்த்தால் உதவுகிறது என்றே காட்டின. வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவனுக்குக் கேட்டதைக் கொடுக்கிற நாம், வீட்டில் மாட்டியிருக்கும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்க யோசிக்கிறோம்!

தூரம் என்கிற வியாதி

இனி, பயிற்சி வேண்டுமென்பதை ஒப்புக்கொண்டால், அது ஏன் நடப்பதில்லை என்று பார்ப்போம். சற்று முன் திருநள்ளாற்றைச் சொல்லிக் கேலி செய்தேன். ஆனால் அந்த வீட்டார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. திருநள்ளாற்றுக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும். பயிற்சிக்கோ வாரத்தில் அய்ந்து நாள், மாதக்கணக்கில் போகவேண்டும். கிழவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். போகவர ஆட்டோக் கூலி வேண்டும். மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி சில கிலோமீட்டர்தான். ஆனால் மாடிப் படிக்கட்டு பதினாறு. அந்தப் பதினாறு படிதான் எங்களுக்கு நூறு கிலோமீட்டர். பட்டணத்தில் இருக்கிற எங்களுக்கே இப்படியென்றால் பாகூரில் இருக்கிறவர்களுக்கு என்ன?

அன்றியும், புதுச்சேரி ஆட்சிப் பகுதி ஒரே துண்டு நிலமல்ல. 1954-ல் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனபோது இருந்தபடியே நாலு துண்டாய்க் கிடக்கின்றது. காரைக்கால் தெற்கே, மாஹே மேற்குக் கடற்கரையில் கேரளத்துக்குள்ளே, ஏனாம் வடக்கே ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கத்திலே. ஒரே சர்க்காருக்கு வரி கட்டுகிறவர்கள் ஒரே ஆஸ்பத்திரிப் படியேற முடியாத நிலைமையில் இருக்கிறார்கள். உலகத்திலும் இதே கதைதான். வருமானம் குறைந்த சில தேசங்களில், இப்படிப்பட்ட பயிற்சிச் சிகிச்சை வேண்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் அது கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

இதற்குத்தான் தூரத்திலிருந்தே பயிற்சி கொடுப்பது என்கிற முறை வந்திருக்கின்றது. ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதிலாய், சொல்லிக்கொடுக்கிறவரின் கண்ணையும் வாயையும் செல்போன் வழியாய் வீட்டுக்குக் கொண்டுவருவது.

நமது ஊர்க் கவிஞர் பாரதிதாசன் 1930-ல் வெளியிட்ட "சஞ்சீவி பர்வதத்தின் சாரல்" என்ற நூலில் இரண்டு மூலிகை வருகின்றன. ஒன்றைத் தின்றால் தூரத்திலிருப்பவர் பேசுவது காதில் கேட்கும். மற்றொன்றைத் தின்றால் தூரத்துக் காட்சி கண்ணில் தெரியும். அந்த இரண்டு மூலிகையும் இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? காலையில் ராசிபலன் பார்க்கிறோம்.

எப்படி நடந்தது?

அந்தப் பெண் எடுத்த எடுப்பில் செல்போனில் பயிற்சி ஆரம்பிக்கவில்லை. "முதலில் நேரில் ஒருவர் பார்த்தாக வேண்டும்" என்றார். ரத்தக் கொதிப்பு எவ்வளவு, தண்ணீர் புரையேறாமல் விழுங்குகிறாரா, தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா, நிற்க வைத்தால் விழுவாரா என்பவைகளைத் தூரத்திலிருந்து தீர்மானிக்கக் கூடாது என்றார். அந்த ஒரு தரம் படியிறக்கிக் கொண்டுபோய்க் காட்டினோம். அதற்குப் பிறகுதான் வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் முக்கால் மணி நேரம்.

செல்போனை ஒரு சொம்பில் சாய்த்து மேஜைமேல் வைப்போம். கைவைத்த நாற்காலியைச் சுவரோரமாய்ப் போட்டு அவரை உட்கார வைப்போம். வெளிச்சம் அவர் முகத்தில் விழவேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் நிற்கவேண்டும். மயக்கமோ மார்வலியோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கக் கூடாது. அது தோளைக் கெடுக்கும் என்று முதல் நாளே சொன்னார். அதுவரையில் நாங்கள் ஆறு வாரமும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தோம்!

பிறகு, "பெரியப்பா கை முன்பு என்ன வேலை செய்தது?" என்று கேட்டார். தறி என்றோம். "அப்படியானால் அறுந்த இழையை முடிச்சுப் போடட்டும்" என்றார். இழைக்குப் பதிலாய்த் தாம்புக் கயிற்றைக் கொடுத்தோம். முதல் வாரம் கயிறு கையில் நிற்கவில்லை. அவர் அழுதார். செல்போனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண், "இன்னும் பத்து தரம் பெரியப்பா" என்றார். தினமும் எத்தனை தரம் செய்தார் என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மந்திரவாதி என்றைக்காவது கணக்குக் கேட்டதுண்டா? கணக்குக் கேட்பது எதுவோ அதுதான் அறிவு.

அய்ந்து மாதத்தில் கோலூன்றித் திண்ணை வரைக்கும் நடந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டார். சணல் நூலிலும் போட்டார். பஞ்சு இழையில் கடைசி வரைக்கும் போட முடியவில்லை. பேச்சில் பத்து இருபது சொல் வந்தது. பழையபடி பேச்சு வரவில்லை. இதை ஏன் சொல்லுகிறேனென்றால், முழுதும் குணமாகிவிட்டது என்று சொல்லுகிற வேலை கோயில்காரர்களுடையது. நமக்கு உண்மையே போதும். படுக்கையில் கிடந்த மனிதர் தானே எழுந்து, தன் கையால் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். எனக்கு அது போதவில்லை. ஆனால் அவருக்கு அது பெரிய சுயமரியாதையாய் இருந்தது.

ஒரு வீட்டுக் கதையை வைத்து நம்பாதீர்கள்

தோழர்களே! ஒருவனுக்குப் பலித்தது என்று சொல்லித்தான் தாயத்தும் விற்கிறார்கள். ஆகவே என் தகப்பனார் கதையை அத்தாட்சியாய் எடுத்துக்கொள்ளாதீர்கள். பலபேரை இரண்டு பங்காய்ப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 11 இடங்களில், கை விழுந்த 124 பேரை இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு நேரிலும் ஒரு பங்குக்கு வீட்டிலிருந்தபடி தூரத்திலிருந்தும், தலைக்கு 36 தரம், ஒவ்வொரு தரமும் 70 நிமிஷம் பயிற்சி கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: தூரத்துப் பயிற்சி நேர்ப் பயிற்சிக்குத் தாழ்ந்ததல்ல. 2020-ல் காக்ரேன் என்ற அமைப்பார் 22 பரீட்சைகளை, 1,937 பேரின் கணக்கை, ஒன்று சேர்த்துப் பார்த்துவிட்டு, அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் சக்தியில் பெரிய வித்தியாசம் காணோம், ஆனால் இன்னும் திடமான அத்தாட்சி வேண்டும் என்று எழுதினார்கள். நமது சென்னையிலும் வீட்டாரின் உதவியோடு செல்போன் வழியாய்ப் பயிற்சி சொல்லித்தருகிற ஒரு முறையைப் பக்கவாதக்காரர்களிடம் வைத்துப் பார்த்து, 2016-ல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லி நிறுத்திவிட்டால் நானும் புராணப் பிரசங்கியாகிவிடுவேன். ஆகையால் பாதகமானதையும் கேளுங்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாதக்காரர்களை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கின் வீட்டாருக்கு மாத்திரம் பயிற்சி முறைகளைச் சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும், பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் சேர்ந்து இந்தப் பங்கிலும் 100-க்கு 47. அந்தப் பங்கிலும் 100-க்கு 47. ஒரு வித்தியாசமும் இல்லை!

இதிலிருந்து என்ன தெரிகின்றது? பயிற்சி வீண் என்றா? அப்படியல்ல. சிகிச்சைப் பாரத்தை வீட்டார் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவதற்கு இந்தப் பரீட்சை ஆதரவு தரவில்லை. இனிப் பரீட்சை செய்யவேண்டியது, பழக்கப்பட்ட சுகாதார ஊழியர்களையும், ஊருக்குள் வந்து கவனிக்கிற கூட்டத்தாரையும் வைத்துத்தான் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே செல்போனில் நாலு படத்தை அனுப்பிவிட்டு "பார்த்துச் செய்துகொள்ளுங்கள்" என்றால் அது தூரத்துச் சிகிச்சையல்ல, தூரத்துக் கைகழுவல். செல்போனும் ஒரு சாமியல்ல. அதற்கு அந்தப் பக்கத்தில் படித்த மனிதர் ஒருவர் இருந்து, பார்த்து, திருத்தி, கணக்குக் கேட்டால்தான் அது வைத்தியம்.

யார் தலையில் விழுகின்றது?

வீட்டார் என்கிறோமே, அந்த வீட்டார் யார்? என் வீட்டில் அது என் தாயாரும் என் மனைவியும். மலம் எடுத்ததும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததும், கயிற்றை எடுத்துக் கொடுத்ததும் அவர்கள். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டது மாத்திரம் நான். பக்கவாதம் வந்தது ஒருவருக்கு. முடங்கிப் போனவர்கள் மூன்று பேர். "பெண்ணென்றால் பொறுமை" என்று சொல்லியே அந்த இரண்டு பேர் முதுகையும் ஒடித்தோம். ஆகவே ஆண் தோழர்களே! பெண் விடுதலையைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும், விழுந்து கிடக்கிற தகப்பனாரின் காலை நீங்கள் பிடித்துப் பழக்குங்கள். அது பெண்களின் வேலை என்று எந்த மூளைச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

அன்றியும், அநேக வீடுகளில் செல்போன் ஒன்றுதான். அது மகன் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகின்றது. நோயாளியும் மருமகளும் வீட்டில், கருவி வெளியில். இப்படியிருக்கத் தூரத்துச் சிகிச்சை யாருக்கு வந்து சேரும்?

நாம் செய்யவேண்டியது

முதலாவது, இது தர்மமல்ல, உரிமை. 2016-ல் செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை என்று சொல்லுகிறது. ஆனால் "பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தூங்கவிடாமல் கேட்கிறது நமது வேலை. தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கு இந்திய சர்க்கார் 2020 மார்ச்சில் டாக்டர்களுக்கு விதிமுறை வகுத்து, இ-சஞ்சீவனி என்ற ஏற்பாட்டையும் அந்த வருஷமே பொதுஜனங்களுக்குத் திறந்தார்கள். பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு பயிற்சிச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு வருகிற ஊழியரையும், தூரத்திலிருந்து திருத்துகிற படித்தவரையும் ஒன்று சேர்த்தால் பாகூருக்கும் ஏனாமுக்கும் இந்த வைத்தியம் எட்டாமலா போகும்? பக்கவாதக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு பயிற்சிச் சீட்டும், கூப்பிடுகிற நாளும் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்கவேண்டியதில்லை. இந்தப் படிப்பகத்தில் ஒரு செல்போனை வாங்கி வையுங்கள். இரண்டு வாலிபர்கள் முறைபோட்டுக்கொண்டு, பக்கவாதக்காரர் இருக்கும் வீட்டுக்கு அதை எடுத்துப்போய், பயிற்சி நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். வைத்தியம் பார்க்க முயலாதீர்கள். அது படித்தவர் வேலை. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். மாதத்தில் ஒரு நாள் இங்கேயே ரத்தக் கொதிப்புப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தாயத்தை அறுப்பது ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பதிலாய் ஒரு மனிதருக்கு நாற்காலி பிடிப்பது அய்ந்து மாத வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்யாதவனுக்கு முதல் வேலையைச் செய்ய யோக்கியதை இல்லை என்பதை நான் ஆறு வாரத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே தோழர்களே! நான் சொன்னதை இங்கேயே நம்பிவிடாமல், டாக்டர்களைக் கேட்டு, படித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கூட்டம் கலைந்ததும், உங்கள் தெருவில் கைகால் விழுந்து கிடக்கிறவர் யார் என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போய், "இன்றைக்கு எத்தனை தரம் கையைத் தூக்கினீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.